ஓடாத மோட்டார் ஏன் எரிகிறது?



2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரை கடந்த தானே புயலை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் கிடங்குக்கு மின்சாரம் திரும்பி வந்தபோது மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. அது தெரியாமல் மிளகாய் அரைக்கும் மெஷினின் ஸ்டார்ட்டரை ஆள் அமுக்கினார். மோட்டார் சுற்றாமல் முனகியது. உள்ளே மிளகாய் அடைத்திருக்கும் என்று அவர் குடைந்துகொண்டிருக்கையிலேயே கருகல் வாசனை வந்துவிட்டது. ஓவர்லோடு ரிலே என்ன செய்தது என்று கேட்பீர்கள். அடிக்கடி விழுகிறதென்று அதை நாமே ஏற்றி வைத்திருந்தோம்!

“ஓடாத மோட்டார் எப்படிப்பா எரியும்?” என்று வைண்டிங் கடைக்காரரைக் கேட்டோம்.

“ஓடாததாலதான் எரிஞ்சுது முதலாளி” என்றார்.

அதற்குக் காரணம் இதுதான். காந்தத்தின் நடுவே கம்பி அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் பாரடே கண்டார். மோட்டாரின் சுருளும் காந்தத்தின் நடுவில்தானே சுழல்கிறது? ஆகவே ஓடும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும் ஆகிறது. அப்படிப் பிறக்கும் விசை, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளும். 1834இல் லென்ஸ் சொன்ன விதி இது. இதற்கு எதிர் மின்னியக்கு விசை, அதாவது பேக் இ.எம்.எஃப். என்று பெயர்.

நமக்குக் கணக்காகச் சொன்னால் புரியும். ஒரு டி.சி. மோட்டாருக்கு வருவது 220 வோல்ட், சுருளின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது எதிர் விசை 210 வோல்ட் என்றால் மிச்சம் 10 வோல்ட்தான். 5 ஆம்பியர் பாயும். மோட்டாரைப் பிடித்து நிறுத்துங்கள். எதிர் விசை பூஜ்யம். 220 வோல்ட்டும் உள்ளே இறங்கி 110 ஆம்பியர் பாயும்! கம்பி தாங்குமா? நம் கடைகளில் உள்ள ஏ.சி. மோட்டாரில் கணக்கு சற்று வேறு. ஆனாலும் நின்ற நிலையில் வழக்கமான கரண்டைப் போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும்.

பிரிட்ஜும் ஐஸ்கிரீம் பெட்டியும் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கரண்ட் போய் உடனே வந்தால், கம்ப்ரஸரினுள் அழுத்தம் இறங்கியிருக்காது. மோட்டார் சுற்ற முடியாமல் திணறும். கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்து, வந்தபின் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். மூன்று பேஸ் மோட்டார் உள்ளவர்கள் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் மாட்டிக்கொள்ளுங்கள். புது மோட்டாரின் விலையோடு பார்த்தால் அதன் விலை சொற்பம்.

எரிந்த மோட்டாரைக் கட்டக் கொடுத்ததில் இன்னொரு பாடமும் கிடைத்தது. திரும்பி வந்த மோட்டார் சுமை ஏற்றாமலே கை வைக்க முடியாதபடி சுட்டது. கம்பியில் குறை இல்லை. குறை இரும்பில் இருந்தது. மாறும் காந்தப் புலத்தில் கெட்டி உலோகத்தை வைத்தால் அதனுள்ளேயே மின்சாரம் வட்டம் வட்டமாகச் சுழன்று சூடாக்கும். 1855இல் இதைச் செப்புத் தட்டில் காட்டியவர் பூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர். நம் ஊரில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது ‘கூரான் த பூக்கோ’. தமிழில் சுழல் மின்னோட்டம். பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றுமே, அது வேகம் மீறாமல் காந்தம் பிடித்து வைத்ததும் இதே மின்னோட்டத்தால்தான். மோட்டாரிலோ அது வெறும் நஷ்டம். அதனால்தான் உள்ளிரும்பைக் கெட்டியாக வார்க்காமல், மெல்லிய தகடுகளுக்கு இன்சுலேஷன் பூசி அடுக்குகிறார்கள்.

பழைய கம்பியைச் சுலபமாக உருவுவதற்காகக் கட்டியவர் உள்ளிரும்பை நெருப்பில் போட்டு வாட்டியிருக்கிறார். பூச்சு எரிந்து தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன. கட்டக் கொடுக்கும்போதே நெருப்பில் போடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் சும்மா ஓடவிட்டு டாங் டெஸ்டர் வைத்துக் கரண்டைப் பாருங்கள். எங்கள் மோட்டாரை இரண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, காயலான் கடையில் எடைக்குப் போட்டோம்.