வெயிலுக்குத் தக்க மின் செலவு

மின் கம்பி எட்டாத மலைக் கிராமங்களிலும் தொலைவான தோட்டங்களிலும் சில குடும்பங்கள் ஒன்று சேர்ந்து சூரிய மின்தகடுகளையும் பேட்டரிகளையும் நிறுவி, கிடைக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இதனை மைக்ரோகிரிட் அல்லது சிறு மின்தொகுப்பு என்பர். நாம் கேட்கும்போதெல்லாம் வெயில் கூடுவதில்லை. ஆகவே உற்பத்திக்குத் தக்கபடி செலவை அமைத்துக்கொள்ள வேண்டும்.

வரவும் செலவும்

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் மின்தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் இது கால் பங்காகக்கூடக் குறையலாம். 10 கிலோவாட் அமைப்புள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். வீட்டு விளக்கு, விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 8 யூனிட் தேவை என வைத்துக்கொண்டால், வெயில் நாளில் கிடைக்கும் 40 யூனிட்டில் 5 குதிரைத்திறன் மோட்டாரை 6 மணி நேரம் ஓட்டலாம். அதற்குச் சுமார் 27 யூனிட் ஆகும். மூட்டமான நாளில் கிடைப்பது 10 யூனிட்தான். அன்று மோட்டாரை 2 மணி நேரம் ஓட்டினாலே 9 யூனிட் தீர்ந்து, இரவில் அனைவர் வீடும் இருண்டுவிடும்.

காத்திருக்கும் வேலைகள்

விளக்கு காத்திருக்காது. நீர் இறைத்தல், தீவனம் வெட்டுதல், மாவு அரைத்தல் ஆகியவை ஓரிரு நாள் காத்திருக்கும். இவற்றைக் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணிக்குள் முடிப்பது நல்லது. ஆனால் பூக்கும் பருவத்தில் வாடும் பயிருக்கு நீரைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த விவசாயிக்கு முதல் முறை அளிக்க வேண்டும்.

தொட்டியே சேமிப்பு

10,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயரம் ஏற்றச் சுமார் 2 யூனிட் செலவாகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி கொள்வது 1.8 யூனிட். பேட்டரி நெடுநாள் உழைக்க அதில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். ஆகவே பகலில் நிரப்பிய ஒரு தொட்டி, இரவில் இரண்டு பேட்டரிகளின் வேலையை மிச்சப்படுத்துகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரே நேரத்தில் இரண்டு மோட்டார்களை இயக்க வேண்டாம். நேரடியாகக் கிளப்பும்போது மோட்டார் வழக்கத்தைப்போல் சுமார் 6 மடங்கு மின்னோட்டம் இழுக்கும்.

2. மழை முன்னறிவிப்பு கேட்டவுடன், வெயில் இருக்கும்போதே தொட்டியையும் பேட்டரியையும் நிரப்பிவிட வேண்டும்.

3. சுமையின்றிச் சிறிது நேரம் ஓய்ந்த 12 வோல்ட் ஈய பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது விளக்கு தவிர மற்றவற்றை நிறுத்த வேண்டும்.

4. மூட்ட நாளில் யார் எதை நிறுத்துவது என்பதை முன்னதாகவே கூடிப் பேசி எழுதி வைக்க வேண்டும். ஏரியில் நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது போன்றதே இது. நீர்பாய்ச்சியைப் போல ஒருவரைப் பொறுப்பாக்குவது நலம்.

ஓர் அனுபவம்

பீகாரில் ஜெகானாபாத் மாவட்டம் தர்னாய் கிராமத்தில் 2014-ஆம் ஆண்டு 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பு நிறுவப்பட்டது. வீடு, கடை முதலியவற்றுக்கு 70 கிலோவாட்டும் பாசனப் பம்புகளுக்கு 30 கிலோவாட்டும் ஒதுக்கப்பட்டன. அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்களைப் பலர் இணைத்ததால் பேட்டரிகள் விரைவில் தீர்ந்தன. பின்னர் ஊருக்குப் பொது மின்சாரம் வந்தது. நாளடைவில் சூரிய அமைப்பு பயனற்றுப் போயிற்று.

தகடு வாங்கும் முன், ஒவ்வொரு குடும்பமும் தன் வேலைகளைக் காத்திருப்பவை, காத்திராதவை என இரண்டாகப் பிரித்துப் பட்டியலிட வேண்டும். அப்பட்டியலைக் கொண்டே தகடு, பேட்டரி, தொட்டி ஆகியவற்றின் அளவை முடிவு செய்தால் பணமும் மிஞ்சும். குழுவில் பிணக்கும் வராது.