பாதி வழியில் பல்கலைக்கழகம் மாறுவோர்

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டை முடித்திருந்தாள். மார்ச்சு மாதத்தில் வீட்டில் யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளாமல் நான்கு முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு இடமாற்ற மாணவியாக விண்ணப்பித்திருக்கிறாள். மூன்று மறுத்துவிட்டன, ஒன்று இடம் தந்துவிட்டது. பதில் சொல்லக் கிடைத்த அவகாசம் இரண்டு வாரம். "சித்தப்பாவைக் கேளுங்கள், கடன் விஷயம் அவருக்குத்தான் தெரியும்" என்று அவள் சொன்னதால் அழைப்பு என்னிடம் வந்தது. முப்பது ஆண்டுகளாக வங்கியில் பணியாற்றும் எனக்கும் அன்று உடனே விடை சொல்ல இயலவில்லை. அதன் பின் நான் கற்றுக்கொண்டவற்றை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே தருகிறேன்.

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பின் நடுவே பல்கலைக்கழகம் மாறுவது விதிவிலக்கன்று. ஒரு கல்லூரியில் ஈட்டிய கிரெடிட்டுகளை மற்றொரு கல்லூரி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. பராக் ஒபாமா லாஸ் ஏஞ்சலீசில் உள்ள ஆக்சிடென்டல் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்த பின் 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறி 1983இல் பட்டம் பெற்றார். நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக்குழு 2021இல் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க ஒரு 'வங்கி'யை ஏற்படுத்தியுள்ளது. பெயரளவில் நம் தொழிலைச் சேர்ந்ததாயினும், அதில் வட்டி கிடையாது என்று எங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

மாறுவது வழக்கம் என்பதால் எல்லாக் கதவுகளும் ஒரே அளவு திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முதலாண்டுச் சேர்க்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் எத்தனை பேரை எடுப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிடுகிறது. இடமாற்ற மாணவர்களுக்கு இடம் உண்டாவதோ, யாராவது விலகினால், விடுதியில் அறை மிஞ்சினால் என்பதைப் பொறுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2008இல் விடுதி இடப் பற்றாக்குறையால் இடமாற்றச் சேர்க்கையை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தியே வைத்தது. பிரின்ஸ்டன் 1990க்குப் பிறகு இத்தகைய மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. 2018இல் மீண்டும் தொடங்கியபோது 1,400க்கு மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து 13 பேருக்கு மட்டுமே இடம் வழங்கியது. ஆனால் அதே தரத்து கார்னெல் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இடமாற்ற மாணவர்களை ஏற்கிறது. ஆகவே 'புகழ்பெற்ற பல்கலைக்கழகம்' என்ற பொதுச் சொல்லால் பட்டியல் போடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றும் சென்ற ஆண்டு எத்தனை இடமாற்ற மாணவர்களைச் சேர்த்தது என்ற எண்ணிக்கையைத் தனியே பார்க்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதனை ஆண்டறிக்கையில் வெளியிடுகின்றன.

கலிபோர்னியாவின் கதை வேறு. 1960ஆம் ஆண்டின் மாநிலக் கல்வித் திட்டமே, சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தவர் மூன்றாமாண்டில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பாதையை வகுத்து வைத்தது. இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஓர் இடமாற்ற மாணவர் என்பது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நெடுநாளைய இலக்கு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் நிறைவு செய்த சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இடத்தை உறுதியே செய்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலீஸ், சான்டியாகோ வளாகங்கள் அந்த உறுதியைத் தருவதில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் சேரும் இடமாற்ற மாணவரில் மிகப் பெரும்பாலோர் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்தே வருகின்றனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்திலோ இந்தியக் கல்லூரியிலோ படித்துக்கொண்டு அங்கே விண்ணப்பிப்பவர் வரிசையின் பின்பகுதியில் நிற்கிறார். சமுதாயக் கல்லூரி என்றதும் நம்மவர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டணமும் குறைவு, பாதையும் தெளிவு என்று காணும்போது அந்தச் சுளிப்புக்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை.

விண்ணப்பத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஆண்டில் மாறுவது என்பது. பல முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களின் கடைசி நாள் மார்ச்சு முதல் தேதியிலோ, மார்ச்சு நடுவிலோ அமைகிறது. முதலாண்டிலேயே விண்ணப்பிப்பவரிடம் அப்போது கையில் இருப்பது ஒரே ஒரு பருவத்தின் மதிப்பெண். ஆகையால் பள்ளி மதிப்பெண்ணும் எஸ்.ஏ.டி. தேர்வும் மீண்டும் எடைபோடப்படுகின்றன. பள்ளியில் எந்தக் குறையால் முதல்முறை மறுக்கப்பட்டாரோ அதே குறை மறுபடியும் குறுக்கே நிற்கும். இரண்டாமாண்டில் விண்ணப்பித்தால் மூன்று பருவங்களின் கல்லூரி மதிப்பெண் பேசும். பட்டம் பெற அங்கேயே இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது ஹார்வர்டு உட்படப் பல இடங்களின் விதி. எனவே அதற்கும் பிந்தினால் படித்த பாடங்கள் வீணாகும்.

இரண்டாவது, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பில் முந்நூறு பேர் அமர்ந்திருப்பார்கள். பேராசிரியருக்கு நம் பிள்ளையின் பெயர் தெரியாது. மார்ச்சு மாதத்தில் கடிதம் கேட்க வேண்டுமானால் செப்டம்பர் மாதத்திலேயே அவருடைய அறைக்குச் சென்று பாடத்தில் ஐயம் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். என் அண்ணன் மகள் செய்த ஒரே முன்னேற்பாடு இதுதான் என்பது பின்னர் தெரிந்தது. புள்ளியியல் பேராசிரியர் ஒருவரின் வகுப்புக்குப் பிந்தைய நேரத்தில் வாரந்தோறும் தவறாது போயிருக்கிறாள்.

மூன்றாவது, ஏன் மாற விரும்புகிறீர்கள் என்ற கட்டுரை. இப்போதுள்ள இடத்தைக் குறைகூறுவது எளிது. படிப்பவருக்கு அதில் புலப்படுவது எழுதியவரின் மனக்குறை மட்டுமே. தான் படிக்க விரும்பும் பாடம் இங்கே இல்லை, அங்கே இன்ன துறையில் இன்ன பாடமாக நடத்தப்படுகிறது, அதற்கு முன்தேவையானவற்றை இங்கே முடித்துவிட்டேன் என்று எழுதும் கட்டுரைக்கு எடை அதிகம். இந்தக் கல்லூரிக்கும் அந்தக் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு பெயரும் தரவரிசையும் மட்டுமே என்றால், விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

இந்தியக் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பருவத் தேர்வின் முடிவு வெளிவரவும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் மதிப்பெண் பட்டியலை முறைப்படி அனுப்பவும் ஆகும் காலம் மார்ச்சு மாதத்தைப் பொருட்படுத்துவதில்லை. பாடத்திட்டத்தையும் விரிவாக இணைக்க வேண்டியிருக்கும். அதனைக் கொண்டே கிரெடிட் கணக்கிடப்படுகிறது.

கிரெடிட் கணக்குதான் பணத்தைத் தின்னும் இடம். இடம் கிடைத்த பின்னரே பெரும்பாலும் இந்த மதிப்பீடு வருகிறது. பாடம் ஏற்கப்படும், ஆனால் அதில் பெற்ற மதிப்பெண் பொதுவாகப் புதிய சராசரியில் சேராது. ஏற்கப்படுவதிலும் இரு வகை உண்டு: முதன்மைப் பாடத்துக்குக் கணக்காவது, வெறும் விருப்பப் பாடமாகக் கணக்காவது. எங்கள் பெண் 34 கிரெடிட் ஈட்டியிருந்தாள். சூலையில் வந்த பட்டியலில் 25 மட்டுமே பட்டத்துக்குப் பயன்படுவனவாக இருந்தன. ஒன்பது கிரெடிட் என்பது ஏறத்தாழ அரைப் பருவத்துக்கு மேற்பட்ட உழைப்பும் கட்டணமும். 'நான்காண்டுக் கட்டணம்' என்று அண்ணன் போட்டு வைத்திருந்த கணக்கு அன்றே பொய்த்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். கல்விக்கடன் ஒரு குறிப்பிட்ட கல்வி நிறுவனத்துக்கும் பாடத்துக்கும் ஒப்புதல் பெற்றது; தவணைத்தொகை அந்த நிறுவனத்துக்கே நேரடியாகச் செல்கிறது. நிறுவனம் மாறினால் கடன் தானாகப் பின்தொடர்ந்து போகாது. புதிய சேர்க்கைக் கடிதம், புதிய கட்டணப் பட்டியல், பழைய நிறுவனத்தில் மீதமிருக்கும் தொகையின் விவரம் ஆகியவற்றுடன் கிளையின் ஒப்புதலைப் பெற வேண்டும். கட்டணம் உயர்ந்தால் கடன் தொகையை உயர்த்தும் புது மதிப்பீடு தேவை. ஈடாக வைத்த வீட்டையும் மறுபடி மதிப்பிட நேரலாம். படிப்புக்காலம் நீண்டால், படிப்புக்காலமும் அதன் பின் ஓராண்டும் என்று அமைந்த தவணை விடுமுறையின் முடிவுநாளையும் திருத்த வேண்டும். இல்லையேல் பிள்ளை வகுப்பில் இருக்கும்போதே தவணை தொடங்கிவிடும்.

இதற்கிடையே புதிய பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் தருவதற்கு முன் ஓராண்டுச் செலவுக்கான பணச்சான்றைக் கேட்கும். பழைய கடன் ஒப்புதல் கடிதத்தில் பழைய கல்லூரியின் பெயர் இருப்பதால் அது செல்லாது. எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. மே மாதத்தில் இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டுச் சூன் இறுதியில்தான் வங்கிக்குச் சென்றார் அண்ணன். சொத்து மதிப்பீட்டாளர் வந்து போக, சட்ட ஆலோசகர் பத்திரங்களைப் பார்க்க, ஆகஸ்டில் வகுப்பு தொடங்க 11 நாள் இருக்கும்போதுதான் புதிய கடிதம் கையில் கிடைத்தது. தவறு வங்கியின்மேல் இல்லை. விண்ணப்பித்த மார்ச்சு மாதத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதிப்பீட்டை அப்போதே முடித்திருக்கலாம்.

விசாவில் அஞ்சியதற்கு மாறாக எளிதாகவே முடிந்தது. எஃப்-1 மாணவரின் சேவிஸ் பதிவைப் பழைய நிறுவனம் குறித்த நாளில் புதிய நிறுவனத்துக்கு விடுவிக்கிறது. விசாவின் காலம் முடியாதிருந்தால் பழைய கல்லூரியின் பெயர் இருந்தாலும் புதிய ஐ-20யுடன் அதையே பயன்படுத்தலாம். சேவிஸ் கட்டணத்தை மறுபடி செலுத்த வேண்டியதில்லை. வகுப்புகளுக்கிடையே ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. விடுவிக்கும் நாள் கடந்துவிட்டால் பழைய நிறுவனத்தால் அந்த மாற்றத்தை நிறுத்த இயலாது. எனவே பணத்துக்கு வழி உறுதியாகும்வரை அந்த நாளைக் குறிப்பிட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். வளாகப் பகுதிநேர வேலையும் அந்த நாளோடு பழைய இடத்தில் முடிந்துவிடும்.

நிதியுதவியைப் பற்றி ஒரு சொல். முதலாண்டு வெளிநாட்டு மாணவருக்குத் தாராளமாக உதவும் பல்கலைக்கழகம் இடமாற்ற மாணவருக்கும் அவ்வாறே உதவும் என்று கருதக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி விதி இருக்கக்கூடும். சேரும்போது உதவி கேட்காதவர் பின்னர் கேட்க இயலாது என்று சில இடங்களில் விதியே இருக்கிறது.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகையில், ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடமளிக்கிறது. மாறும் ஆண்டில் முன்பணம், விடுதிக் காப்புத்தொகை, இரு நிறுவனங்களின் கட்டணம் ஆகியன ஒன்றாகக் கூடும். 2025 ஏப்ரல் முதல், நிதி நிறுவனக் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு டி.சி.எஸ். இல்லை; சொந்தப் பணத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் உண்டு. எது கடனிலிருந்து, எது சேமிப்பிலிருந்து என்று பிரித்துத் திட்டமிடுவது இங்கே உதவும்.

மாறுவது மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாரன் பஃபெட் பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, சொந்த மாநிலமான நெப்ராஸ்காவின் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1950இல் பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்கு ஹார்வர்டு வணிகப் பள்ளி அவரை மறுத்தபின் கொலம்பியாவுக்குப் போனார். அண்ணனிடம் இதைச் சொல்லி, இளநிலையை இருக்கும் இடத்திலேயே முடித்துவிட்டு முதுநிலைக்கு அந்தப் பெரிய பெயரைத் தேடலாமே என்று கேட்டேன். வீட்டில் அனைவரும் ஓரிரவு பேசினர். முடிவு அவளுடையதாகவே இருக்கட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

அவள் மாறினாள். விட்டுப்போன ஒன்பதில் ஐந்து கிரெடிட்டைக் கூடுதல் பாடமாகச் சேர்த்துப் படித்துவிட்டாள். மீதி நான்கைக் கோடைக்கால வகுப்பில் முடிக்கிறாள். அதற்கான கட்டணம் சென்ற வாரம்தான் எங்கள் கிளையிலிருந்து போயிற்று.