குரங்கணி மலைப்பாதையும் கிப்லாவின் திசையும்

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறியவர்களுக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தால் பக்கத்தில் இருக்கும், நடந்தால்தான் தூரம் புரியும். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கி, போடிக்கு வந்தது. கம்பி ஆகாயத்தில் போகலாம். நடப்பவருக்கு மலையின் மேற்பரப்பு மட்டுமே வழி. அந்தப் பரப்பு எப்படி வளைகிறதோ அதைப் பொறுத்தே அவருடைய குறுக்கு வழி அமையும்.

பூமிப் பந்தின் மேல் கிப்லாவும் அப்படித்தான். சுவர் வரைபடத்தில் போடிக்கும் மக்காவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால், மேற்கிலிருந்து வடக்கே 17, 18 டிகிரி சாய்வு வரும். செல்போன் ஆப் 22 டிகிரி என்கிறது. "எந்தக் கோட்டில் ஸஃப் போடுவது ஹஜ்ரத்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சில ஊர்களில் இது சண்டையாகவே ஆகிவிட்டது.

ஆப் சொல்வதே சரி. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் திசையோ தூரமோ ஏதாவது ஒன்று கோணலாகும். பள்ளிக்கூட உலக உருண்டையில் போடியையும் மக்காவையும் ஒரு நூலால் இணைத்து இறுக்கிப் பிடியுங்கள். அதுதான் மிகக் குறுகிய வழி. சுமார் 4,200 கிலோமீட்டர். நம்மிடம் 22 டிகிரி வடக்கே சாய்ந்து புறப்படும் அந்த நூல், மக்காவை நெருங்கும்போது ஏறக்குறைய 12 டிகிரிதான் சாய்ந்திருக்கும். நூல் எங்கும் திரும்பவில்லை. வடதுருவம் நோக்கிய கோடுகள்தான் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நியூயார்க்கில் நூலை வைத்தால் இன்னும் வியப்பு: மக்கா அந்த ஊருக்குத் தென்கிழக்கே இருக்க, கிப்லாவோ வடகிழக்கு!

அல்பிரூனி கஸ்னா நகரின் கிப்லாவை இந்த உருண்டைக் கணக்கால் கண்டறிந்து, 1025இல் எழுதி முடித்த நூலில் விளக்கினார். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் அல்கலீலி, ஊர்வாரியாகக் கணக்குப் போடும் சிரமமே வேண்டாம் என்று பெரிய அட்டவணையே தயாரித்தார்.

அதற்காகப் பழைய பள்ளிவாசலின் மிஹ்ராபை இடிக்கக் கிளம்ப வேண்டாம். தூரத்து ஊர்க்காரர்களுக்குக் கஅபாவின் திசைப்பக்கம் போதும் என்பதே ஹனஃபி மத்ஹப். நாலைந்து டிகிரியால் தொழுகை கெடாது. புதிதாகக் கட்டுபவர்கள் சரியாகப் பார்த்துக் கட்டலாம்.

அதற்கு ஆப்கூட வேண்டாம். இரும்புக் கம்பி அருகில் போனின் காம்பஸ் தடுமாறும். மே 28 மதியம் 2.48க்கும் ஜூலை 16 மதியம் 2.57க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிப் பார்த்தால் அதுவே கிப்லா. ஜூலையில் மலைப்பக்கம் மேகம் மூடிவிடும். மே மாதமே வசதி.