ஆட்டம் தடுமாறாமல் படம் பிடிக்க

கணினியில் விளையாடுவதோடு நில்லாமல், தாம் ஆடிய ஆட்டத்தைப் படமாகப் பதிந்து, அதற்குத் தமிழில் விளக்கமும் சொல்லி, யூடியூபில் ஏற்றவேண்டும் என்று ஆசைகொண்ட இளைஞர்கள் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அதுவரை தங்குதடையின்றி ஓடிய ஆட்டம் பதிவைத் தொடங்கியதும் திக்கித் திணறுவதைக் கண்டு, விலையுயர்ந்த கணினி இல்லாதவருக்கு இக்கலை கைகூடாது என்று அவர்களில் பலர் மனந்தளர்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் குறை கணினியில் இல்லை. அதன் சக்தியை அறிந்து, பதிவுக்கான மென்பொருட் சாதனத்தைத் தேர்ந்தெடுக்காததில்தான் இருக்கிறது.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட், வினாடிக்கு 60 பிரேம் என்று கணக்கிட்டால், ஒவ்வொரு வினாடியும் சுமார் 37 கோடி பைட் தகவல் வந்து குவிகிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க் இந்த வேகத்தில் எழுத இயலாது. ஆகையால் படத்தை அப்போதைக்கப்போதே சுருக்குவது அவசியமாகிறது. அடுப்படியில் நிற்பவரையே பந்தியிலும் பரிமாறச் சொன்னால் இரண்டும் கெடுவதுபோல, ஆட்டத்தை நடத்தும் பிராசசரே சுருக்கும் பாரத்தையும் சுமந்தால் ஆட்டமும் கெடுகிறது, பதிவும் கெடுகிறது.

1999-இல் வெளிவந்து வெகுகாலம் பிரசித்தி பெற்றிருந்த ஃப்ராப்ஸ் என்ற பதிவு மென்பொருள், படத்தை மிகக் குறைவாகவே சுருக்கியதால், சில நிமிஷப் பதிவே டிஸ்கில் பெரும் இடத்தை விழுங்கியது. பிறகு சுருக்கும் வேலைக்கென்றே பிரத்தியேகமான பகுதியைச் சிப்புக்குள் வைக்கும் முறை பரவியது. இன்டெலின் குவிக் சிங்க் 2011-லும், என்விடியாவின் என்வெங்க் 2012-லும் வந்தன. ஏஎம்டி கார்டுகளிலும் இவ்வசதி உண்டு. ஆகவே பதிவுச் சாதனத்தில் முதலில் ஆராயவேண்டிய விஷயம், நம் கணினியில் உள்ள அந்தப் பகுதியை அது பயன்படுத்துகிறதா என்பதே.

விண்டோஸ் 10 முதல் உடன்வரும் கேம் பாரை, விண்டோஸ் விசையுடன் ஜி விசையை அழுத்தித் திறக்கலாம். ஆரம்ப அப்பியாசத்துக்கு அது போதும். என்விடியா கார்டு உடையவர்களுக்கு, 2013-இல் வந்த ஷேடோபிளே ஆட்டத்துக்கு அதிக பாரம் தராமல் பதிகிறது. நடந்து முடிந்த கடைசிச் சில நிமிஷங்களை மட்டும் சேமிக்கும் வசதியும் அதில் உண்டு. எனினும் இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோவையே பிரதானமாகச் சிபாரிசு செய்கிறேன். மூன்று கம்பெனிகளின் சிப்புகளோடும் இணங்கிப்போவதுடன், ஆட்டத்தின் ஓசையையும் பேசுகிறவரின் குரலையும் தனித்தனி டிராக்குகளில் பதியவும் அது இடந்தருவதால், துப்பாக்கிச் சத்தத்தில் விளக்கம் அமுங்கிப்போனாலும் எடிட்டிங்கின்போது சீர்செய்துகொள்ளலாம்.

சாதனம் அமைந்தபின், ஆட்டத்தின் வேகத்தையும் வினாடிக்கு 60 பிரேமுக்குமேல் போகாமல் கட்டுப்படுத்தவேண்டும். கிராஃபிக்ஸ் கார்டின் சக்தி முழுவதையும் ஆட்டமே எடுத்துக்கொண்டால் பதிவுக்கு மிச்சம் ஒன்றும் இராது.

மணலிவாசிகள் விசேஷமாகக் கருதவேண்டியது மின்தடை. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாற்றால் சென்னையின் பல பகுதிகள் இருளில் ஆழ்ந்தன. இத்தகைய வேளையில் வழக்கமான எம்பி4 முறையில் பதிந்துகொண்டிருந்தால் அதுவரை பதிந்தது முழுவதும் பாழாகலாம். ஏனெனில் எந்தப் பிரேம் எங்கே உள்ளது என்ற அட்டவணையை அம்முறை பதிவு முடியும்போதுதான் எழுதுகிறது. எம்கேவி முறையிலோ மின்சாரம் நின்ற கணத்துக்குச் சற்று முன்வரையில் பதிந்தது தப்பிப் பிழைக்கும். அதைப் பிற்பாடு தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்ற ஓபிஎஸ்ஸிலேயே வழியுண்டு.

புதிய கார்டு வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன், ஆட்டத்தின் மிக அமளியான கட்டமொன்றை ஐந்து நிமிஷம் பதிந்து பாருங்கள். பிரேம்கள் தவறியது கிராஃபிக்ஸ் கார்டின் களைப்பாலா, சுருக்கும் பகுதியின் தாமதத்தாலா என்பதை ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் ஜன்னல் தனித்தனியே காட்டும். முன்னது காரணமானால் ஆட்டத்தின் காட்சித் தரத்தைக் குறையுங்கள்; பின்னது காரணமானால் பதிவின் அளவைக் குறையுங்கள். இவ்விரண்டும் பயன்படாதபோதுதான் பணத்தைப் பற்றி யோசிக்கவேண்டும்.