ஞாயிற்றைத் தொடரும் தகடும் அதன் கோணத்தை அறியும் கருவியும்

ஞாயிற்றைப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. தைத்திங்கள் முதனாளில் முற்றத்திற் பொங்கிப் படைத்துக் கதிரவனுக்கு நன்றி செலுத்தும் நாம், இன்று அவனிடமிருந்து மின்னையும் பெறத் தலைப்பட்டுள்ளோம். முன்னர் நிலக்கரி மின்னிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டதும், தோப்பூருக்கு அணித்தாயுள்ளதுமான சம்பூரில், 120 மெகாவாற்று சூரிய மின்னிலையத்துக்கான பணி 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. ஆதலின் சூரியத் தகடுகளைப் பற்றிய அறிவு நம் மாணாக்கர்க்கு இனி வேண்டற்பாலதாம். அவற்றுள் ஒரு சிறு பகுதியை ஈண்டு நோக்குவாம்.

சூரியத் தகடுகள் இருவகையாக நிறுவப்படும். ஒன்று, ஒரே சாய்வில் நிலையாக நிற்பது. மற்றையது, ஞாயிற்றைத் தொடர்ந்து சுழல்வது. சுழல்வனவற்றுள் பெருவழக்கானது, வடக்குத் தெற்காகக் கிடையாயமைந்த அச்சைப் பற்றிக் காலையிற் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் திரும்புவதாகும். எம் பகுதி வட அகலக்கோடு எட்டரைப் பாகையை ஒட்டியது. சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களில் நண்பகலிற் கதிரவன் எம் உச்சிக்கு நேரே நிற்பான். அந்நாட்களில் அவனைத் தொடரும் தகடு மணிக்கு 15 பாகை, அதாவது நாழிகைக்கு 6 பாகை, திரும்புதல் வேண்டும்.

கதிரவன் எந்நேரத்தில் எங்கே நிற்பான் என்பதை நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் கொண்டு கணித்துவிடலாம். தகடு உண்மையில் எங்கே நிற்கின்றது என்பதே வினா. அதனை அறிவிக்கும் கருவியை உணரி என்பர். அதனை எவ்வாறு தேர்வது?

முதற்கண், எத்துணை நுட்பம் வேண்டும் என்பதை ஆராய்தல் வேண்டும். தகட்டின்மீது நேரே படும் ஒளி, வழுக்கோணத்தின் கோசைனுக்கு ஏற்பக் குறையும். 1 பாகை வழுவினால் இழப்பது பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கே. 5 பாகையாயின் ஆயிரத்தில் ஏறக்குறைய நான்கு பங்கு. 10 பாகையாயினும் நூற்றில் ஒன்றரைப் பங்கே. ஆடிகளாலும் வில்லைகளாலும் ஒளியைக் குவிக்கும் அமைப்புகளுக்கே பாகையின் சிறு கூறும் பொருட்டாகும். ஆகவே தட்டையான தகட்டுக்கு மிக நுண்ணிய, விலை மிகுந்த உணரியை நாடுதல் வீண்செலவாம். வேண்டுவது நீடித்த உழைப்பும் பொய்யாமையுமே.

அளவைகளுட் காட்சி, கருதல் என்பவற்றை நம் சைவ நூலார் வேறுபடுத்துவர். உணரிகளையும் அவ்வாறே பகுக்கலாம். மோட்டரின் சுழற்சிகளை எண்ணும் உணரி கருதலளவை போல்வது. மோட்டர் இத்தனை முறை சுழன்றது, ஆதலின் தகடு இத்தனை பாகை திரும்பியிருக்கும் என அது அனுமானிக்கும். பற்சில்லு தேய்ந்தோ இணைப்பு வழுக்கியோ போனால் அவ்வனுமானம் பொய்க்கும். மின் நின்று மீண்டால், எண்ணிக்கையைச் சேமித்து வைக்காத உணரி தொடக்க நிலைக்குச் சென்று மீளவும் எண்ண வேண்டும். அச்சோடு சுழலும் மாறுந்தடை இவ்விழப்பிற்கு ஆளாகாது. எனினும் அதன் தொடுகை உராய்ந்து தேயும். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றும் ஈரமும் அதனை விரைவிற் கெடுக்கும்.

காட்சியளவை போல்வது சாய்வுணரி. சுவர் எழுப்புவோர் தூக்குக்குண்டைக் கொண்டு நிலைக்குத்தை அறிதல் போல, இது புவியீர்ப்பைக் கொண்டு சாய்வை அறியும். சிலிக்கனிற் செதுக்கிய நுண்திணிவொன்று சாய்வுக்கேற்பச் சிறிது இடம்பெயர, மின் கொள்ளளவம் மாறும். அம்மாற்றமே கோணமாகக் கணிக்கப்படும். உராய்ந்து தேயும் உறுப்பு இதில் இல்லை. முற்றாக மூடி முத்திரையிடலாம். தகட்டின் சட்டத்திலேயே பொருத்தலாம். மின் மீண்டவுடன் அக்கணத்து உண்மையைக் கூறும். காற்றினால் தகடு அதிரும்போது அளவீடு தடுமாறுமாயினும், சில விநாடிகளின் சராசரியைக் கொள்ளின் அக்குறை நீங்கும்.

ஆயின் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கதவு திறந்தாலும் மூடினாலும் தூக்குக்குண்டு வேறுபாடு காட்டாது. அதுபோல நிலைக்குத்து அச்சைப் பற்றிய சுழற்சியைச் சாய்வுணரி அறியமாட்டாது. அவ்வகை அமைப்புக்கு, அச்சிற் பொருத்திய காந்தத்தின் திசையைத் தொடாமலே அறியும் உணரி ஏற்றது. 1879இல் எட்வின் ஹோல் கண்ட விளைவு இத்தகைய உணரிகள் பலவற்றுக்கு அடிப்படையாகும்.

இத்தேர்வு சிறு பொருளன்று. 1964 டிசம்பரிற் பெரும்புயலும், 2020 டிசம்பரிற் புரேவியும் திருகோணமலைக் கரையைத் தாக்கின. பெருங்காற்றில் சாய்ந்து நிற்கும் தகடு பாய்மரம் போலாகும். அதனை, அமைத்தோர் வகுத்த காப்புக் கோணத்துக்கு உரிய வேளையிற் கொணர்தல் வேண்டும். மின் தடைப்படுவதும் அவ்வேளையிலேயே. அப்போது பொய்யுரைக்கும் உணரி, ஒளியின் சிறு பங்கை அன்று, தகட்டையே இழக்கச் செய்யும்.

ஆகவே கிடையச்சில் திரும்பும் தட்டைத் தகட்டுக்குச் சாய்வுணரியும், நிலைக்குத்தச்சிற் சுழல்வதற்குக் காந்த உணரியும் பொருத்தமாவன. கருவியின் நுட்பத்தைக் கண்டு மயங்காது, அது செய்ய வேண்டிய பணியையும் நிற்க வேண்டிய இடத்தையும் ஆராய்ந்து தேர்தலே அறிவுடைமையாம்.