தரை ஏன் புடைத்தது?

மலைகள் சூழ்ந்த அஞ்செட்டியில் என் அண்ணன் குடியிருப்பது தாத்தா காலத்து ஓட்டு வீடு. சென்ற கோடையில் கூடத்தின் பழைய காரைத் தரைமீது, மரம்போலத் தோன்றும் லேமினேட் பலகைகளைப் பதித்தார். ஐப்பசி மழை முடிவதற்குள் நடுக்கூடத்தில் தரை கூரைபோல எழும்பிவிட்டது! அம்மா தடுக்கி விழப் பார்த்தார். "ஓடு ஒழுகவில்லை, தண்ணீரும் கொட்டவில்லை. பிறகு ஏன்?" என்றார் அண்ணன்.

இப்பலகையை 1977-இல் உருவாக்கியது சுவீடன் நாட்டுப் பெர்ஸ்டார்ப் நிறுவனம். மேலே மெலமைன் பிசின் ஊறிய காகிதம். உள்ளே மரநாரைப் பிசினுடன் சேர்த்து அழுத்திய பலகை. மேற்புறத்தில் நீர் எளிதில் இறங்காது. ஆனால் மரநாரிலுள்ள செல்லுலோஸ் நீர் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் நார் பருக்கும், பலகை நீளும்.

அந்த நீர் வந்தது மண்ணிலிருந்து! விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதல்லவா? அதே நுண்புழை ஏற்றம்தான் இதுவும். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும், ஆரம் 0.01 மி.மீ. ஆனால் சுமார் 1.5 மீட்டர் ஏறும்! பழைய வீடுகளின் தரைக்கடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏறிய ஈரம் முன்பெல்லாம் காற்றில் உலர்ந்தது. பலகை மூடியதும், போக வழியின்றிப் பலகைக்குள்ளேயே புகுந்தது.

சிறிது நீண்டதற்கா இவ்வளவு புடைப்பு? பிதாகரஸ் தேற்றத்தைக் கேளுங்கள். 4 மீட்டர் தரை 2 மி.மீ. மட்டுமே நீள்கிறது, இருபுறமும் சுவர் தடுக்கிறது, தரை நடுவில் மடிந்து இரு செங்கோண முக்கோணங்களாகிறது என்று கொள்வோம். கர்ணம் 2.001 மீட்டர், அடிப்பக்கம் 2 மீட்டர். உயரம்? சுமார் 6.3 செ.மீ.! இதற்காகவே சுவரோரம் இடைவெளி விடுவார்கள். ஆனால் அடியிலிருந்து ஈரம் வந்துகொண்டேயிருந்தால் இடைவெளி மட்டும் போதாது.

உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். 45 செ.மீ. சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் தெரிந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் செய்யுங்கள்; கோடையில் தரை உலர்ந்திருந்து ஏமாற்றிவிடும்.

பலகைகளை அகற்றிய பின் நாங்களும் இதைச் செய்தோம். மறுநாள் காலை தாளின் அடியில் முத்து முத்தாக நீர்! அண்ணன் கூடத்தில் இப்போது பழைய காரைத் தரைதான். அம்மா அச்சமின்றி நடக்கிறார்.