கிராஃபிக்ஸ் கார்டு பழுதானது ஏன்?

மருந்து கொடுக்குமுன் நோயை அறிய வேண்டும். நோயை அறிந்தபின் அது வந்த வழியையும் அறிய வேண்டும். இஃது மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரங்களுக்கும் பொருந்தும். வீட்டில் மிக்சி ஓடாவிட்டால் முதலில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு பிளக்கைப் பார்க்கிறோம். அதன் பிறகே மெக்கானிக்கைத் தேடுகிறோம். ஆனால் கணிப்பொறி பழுதாகிவிட்டால் மட்டும், "பழசாகிவிட்டது" என்ற ஒரே சொல்லுடன் நிறுத்திக்கொள்கிறோம்.

பழசாவது என்றால் என்ன? இரும்பு துருப்பிடிக்கிறது, மரம் உளுத்துப்போகிறது, துணி நைந்துபோகிறது. பெட்டிக்குள் அசையாமல் இருக்கும் ஓர் அட்டை எவ்வாறு முதுமை அடைகிறது? இக்கேள்விக்கு விடை காண எங்கள் அறிவியல் மன்றத்திற்கு இவ்வாண்டு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதில் நாங்கள் அறிந்ததைத் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது யாது?

கணிப்பொறித் திரையில் நாம் காணும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. கோலத்திற்குப் புள்ளி வைப்பது போல, ஒரு வரிசைக்கு 1920 புள்ளிகள் வீதம் 1080 வரிசைகள் கொண்ட திரையை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 20,73,600 புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தை ஒரு வினாடிக்கு 60 முறை திரைக்கு அனுப்ப வேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். கணிப்பொறியின் மூளையான பிராசசருக்கு வேறு வேலைகளும் உண்டல்லவா? ஆகவே படம் வரையும் வேலைக்கென்றே தனியாக வைக்கப்படுவதுதான் கிராஃபிக்ஸ் கார்டு.

அதன் நடுவே ஒரு பெரிய சில்லு இருக்கும். அதைச் சுற்றி நினைவகச் சில்லுகளும், மின்சாரத்தைச் சீராக்கும் மின்தேக்கிகளும் இருக்கும். கடுமையாக உழைப்பதால் சில்லு மிகவும் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற அதன்மேல் அலுமினியத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் உள்ளன. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று புகாதவாறு வெப்பப்பசை தடவியிருப்பார்கள்.

நோயாளி எங்களிடம் வந்தது

எங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில், முன்னாள் மாணவி ஒருவர் அன்பளிப்பாக அளித்த ஆறு கணிப்பொறிகள் உள்ளன. அவை 2012-ஆம் ஆண்டு வாங்கப்பெற்று, ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் உழைத்தவை. அவற்றுள் ஒன்றில் இவ்வாண்டு திரை முழுவதும் வண்ணக் கோடுகளும் சிதறிய கட்டங்களும் தோன்றத் தொடங்கின. சிறிது நேரத்தில் திரை இருண்டுவிடும். பழுதுபார்க்க வந்தவர், "கார்டு போய்விட்டது, புதுக் கணிப்பொறியே வாங்கிவிடுங்கள்" என்று கூறிச் சென்றார். எங்கள் கணிப்பொறி சிஸ்டரோ எங்களை அழைத்து, "போய்விட்டது சரி, ஏன் போயிற்று? மற்ற ஐந்தும் இதே வயதுடையவை அல்லவா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் பொருள் எங்களுக்கு உடனே விளங்கியது. காரணம் தெரியாவிட்டால், இன்று ஒன்றுக்கு வந்தது நாளை ஆறுக்கும் வரும்.

குற்றமற்றவர்களை விடுவித்தல்

காரணம் தேடுவோர் எளியதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சிஸ்டர் எங்களுக்குச் சொன்ன முதல் விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இரண்டாம் விதி.

முதலில் கேபிளை மாற்றினோம், கோடுகள் மறையவில்லை. மானிட்டரை மாற்றினோம், அப்போதும் மறையவில்லை. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, சிஸ்டரின் மேற்பார்வையில் கார்டைக் கழற்றி அடுத்த கணிப்பொறியில் பொருத்தினோம். கோடுகளும் கார்டுடன் அங்கே சென்றுவிட்டன! அந்தக் கணிப்பொறியின் கார்டை இங்கே பொருத்தியபோது படம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே மதர்போர்டும் மின்சாரம் வழங்கும் பெட்டியும் குற்றமற்றவை. அடுத்து, கோடுகள் தோன்றியதும் கணிப்பொறியை அணைத்து உடனே மீண்டும் இயக்கினோம். விண்டோஸ் தொடங்குமுன் வரும் முதல் எழுத்துகளிலேயே கோடுகள் இருந்தன. எனவே மென்பொருளும் குற்றமற்றது என்று தெளிந்தோம். எஞ்சியது கார்டு ஒன்றே.

கார்டின் மூடியைத் திறந்தபோது நாங்கள் வியந்துபோனோம். அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் தூசி ஒரு கம்பளித் துணியைப் போலப் படிந்திருந்தது. விசிறியை விரலால் சுழற்றினால் அரைச் சுற்றில் நின்றது. வெப்பப்பசை காய்ந்து பொடியாக உதிர்ந்தது. மின்தேக்கிகளின் தலைப்பகுதி உப்பியிருந்தால் அவை கெட்டுவிட்டன என்று பொருள். இவற்றில் ஒன்றுகூட உப்பவில்லை.

தூசியை நீக்கினோம், புதிய பசை தடவினோம், விசிறியை மாற்றினோம். முன்பு 97 டிகிரி செல்சியஸ் வரை ஏறிய சூடு இப்போது 66 டிகிரியில் நின்றது. ஆயினும் கோடுகள் வந்தன! சூடு தணிந்தபின்னும் நோய் தீரவில்லை என்றால், பல ஆண்டுச் சூடு உள்ளே ஏதோ ஒன்றை முன்பே முறித்துவிட்டது என்பதே பொருள்.

அது எது என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. காலையில் கார்டு குளிர்ந்திருக்கும்போது படம் தெளிவாக இருக்கும். பத்து நிமிடம் கழிந்தால் கோடுகள் வரும். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெளியும். குளிர்ந்தால் சேர்கிறது, சூடானால் விலகுகிறது. சில்லுக்கு அடியில் ஏதோ ஓர் இணைப்பில் விரிசல் கண்டிருக்கிறது என்பதையே எல்லா அறிகுறிகளும் காட்டின.

விரிவதும் சுருங்குவதும்

சில்லிலிருந்து அட்டைக்கு மின்சாரம் செல்ல, அதன் அடியில் கடுகு போன்ற பற்றாசு உருண்டைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றினும் நுண்ணிய உருண்டைகள் சில்லின் உறைக்குள்ளேயும் உண்டு. இவற்றை எக்ஸ்ரே இல்லாமல் காண இயலாது.

சூடானால் பொருள்கள் விரியும் என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு டிகிரி சூடு ஏறும்போது சிலிக்கான் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 3 பங்கு விரிகிறது. அதைத் தாங்கும் அட்டையோ ஏறக்குறைய 15 பங்கு விரிகிறது. ஒருவர் ஓரடி வைக்க மற்றவர் ஐந்தடி வைத்தால், இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பவர் பாடு என்னவாகும்? அந்த நடுவில் நிற்பவரே பற்றாசு உருண்டை!

ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். இதனை உலோகச் சோர்வு என்பர். கணிப்பொறியை இயக்கி அணைப்பது ஒவ்வொன்றும் அவ்வுருண்டைக்கு ஒரு வளைவு. தினம் ஒரு முறை என்றாலும் பத்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வளைவுகள்! விசிறி நின்று சூடு மிகுந்தபோது ஒவ்வொரு வளைவும் இன்னும் பெரிதாயிற்று. எனவே எங்கள் கார்டு ஒரே நாளில் மடியவில்லை. தூசி விசிறியை நிறுத்தியது; நின்ற விசிறி சூட்டை ஏற்றியது; ஏறி இறங்கிய சூடு இணைப்பை முறித்தது.

உலகறிந்த இரு நிகழ்ச்சிகள்

இந்நோய் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகளில் பல, மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டிவிட்டு நின்றுபோனதால், 2007-ஆம் ஆண்டு ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கவும் நேர்ந்தது. அடிக்கடி சூடாகி ஆறுவதால் சில்லின் உறைக்குள் இணைப்புகள் முறிந்ததே காரணம் என்று 2021-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற என்விடியா நிறுவனமும் 2008-ஆம் ஆண்டு ஜூலையில், மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றின் உறைப் பொருள்கள் வலுவற்றவை என்று அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. மயிரிழையினும் மெல்லிய ஒரு விரிசலின் விலையைப் பாருங்கள்!

அடுப்பில் வைத்தால் பிழைக்குமா?

பழுதான கார்டை ரொட்டி சுடும் ஓவனில் வைத்து எடுத்தால் பிழைத்துவிடும் என்று சிலர் கூறுவர். சில கார்டுகள் அவ்வாறு பிழைப்பதும் உண்மையே. ஆனால் சில நாட்களிலோ வாரங்களிலோ அவை மீண்டும் படுத்துவிடுகின்றன. இதன் காரணம் யாது? வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத இக்காலப் பற்றாசு உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். ஓவனில் வைப்போர் பெரும்பாலும் 200 டிகிரிதான் வைக்கின்றனர். அதில் பற்றாசு உருகுவதே இல்லை! சூட்டில் விரிந்த பகுதிகள் விரிசலைச் சற்றே ஒட்டி நிற்கச் செய்கின்றன, அவ்வளவே. மேலும், சூடான அட்டையிலிருந்து வரும் புகை நச்சுத்தன்மை உடையது. உணவு சமைக்கும் ஓவனில் இதைச் செய்வது பெருந்தவறு. ஆகவே நாங்கள் அதனைச் செய்யவில்லை.

காரணம் அறிந்ததால் விளைந்த பயன்

எங்கள் கார்டு பிழைக்கவில்லை. ஆனால் கணிப்பொறி பிழைத்தது! அதன் பிராசசரிலேயே சாதாரணமாகப் படம் காட்டும் திறன் உண்டு. பழுதான கார்டை நீக்கிவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் இணைத்தோம். தட்டச்சுப் பயிற்சிக்கும் பாடங்களுக்கும் அது இப்போது நன்கு பயன்படுகிறது. மற்ற ஐந்தையும் திறந்து பார்த்தபோது இரண்டில் விசிறி தூசியால் ஏறக்குறைய நின்றிருந்தது. அவற்றைச் சுத்தம் செய்து புதிய பசை தடவினோம்.

பழுதான கார்டைக் குப்பையில் போடலாகாது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இத்தகைய பொருள்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும்.

வீட்டில் கணிப்பொறி உள்ளவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். காற்று வர வழி விடுங்கள்.

2. ஆறு மாதத்திற்கு ஒரு முறை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெரியவர்கள் துணையுடன் தூசியை நீக்குங்கள்.

3. விசிறியின் ஓசை மாறினால் உடனே கவனியுங்கள்.

4. பழுது நேர்ந்தால் கேபிளிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள்.

"போய்விட்டது" என்பது ஒரு செய்தி மட்டுமே, "ஏன் போயிற்று?" என்பதே அறிவின் தொடக்கம். அக்கேள்வியால் இறந்த கார்டை எழுப்ப முடியவில்லை. ஆனால் அதன் அருகில் உயிரோடிருந்த ஐந்தைக் காக்க முடிந்தது. ஆகவே தோழியரே, எப்பொருள் பழுதானாலும் தூக்கி எறியுமுன் ஒரு முறை 'ஏன்?' என்று கேட்போமாக!